பதவிக்கு முன்னும் பின்னும் தொண்டு
அமரர் எஸ்.ஆர். நாதனை நினைவுகூர்வோம்

ஐப்பசித் திங்களில், தீபாவளிக்கு முந்திய வாரத்தில், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் பக்தர் கூட்டம் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை நோக்கி நடக்கிறது. மஞ்சள் ஆடையும் வேப்பிலையும் அணிந்து, விரதத்தால் மெலிந்த உடலோடு வரும் அடியார்கள் பூக்குழியில் இறங்கிப் பால்குழியில் கால் நனைத்து வெளியேறும் காட்சியை ஆண்டுதோறும் கண்டு மெய்சிலிர்க்கிறோம். 1827ஆம் ஆண்டு நாராயண பிள்ளை அவர்களால் நிறுவப்பெற்ற அவ்வாலயத்தில் இத்திருவிழா பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருவது சிங்கப்பூர் இந்துக்கள் அனைவருக்கும் பெருமை தரும் செய்தியாகும்.

அந்த இரவில் எல்லார் கண்ணும் பூக்குழியின் மீதே இருக்கும். விறகு அடுக்கியவர் யார், வரிசையை ஒழுங்குபடுத்தியவர் யார், மயங்கி விழுந்த அடியாருக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார், விடிந்த பிறகு சாம்பலை அள்ளிக் கோயிலைக் கழுவிவிட்டவர் யார் என்று கேட்போர் சிலரே. அவர்களைத் தொண்டூழியர்கள் என்று ஒரே சொல்லால் அழைத்துவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறோம். உழவாரப் படை ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர் பெருமானின் வழிவந்த சமயம் நம்முடையது. திருத்தொண்டர்களின் வரலாற்றையே பெரிய புராணமாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆகவே, திருவிழாக் காலத்தில் ஒரு தொண்டரின் வாழ்வை நினைத்துப் பார்ப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே எனலாம்.

அவ்வகையில் இவ்விதழில் நினைவுகூரத்தக்க பெருந்தகை அமரர் எஸ்.ஆர். நாதன் ஆவார். அவரைச் சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் என்று உலகம் அறியும். மூன்று பேரப்பிள்ளைகளின் தாத்தா என்று அவர்தம் குடும்பம் அறியும். இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக ஐந்தாண்டுக் காலம் நம் ஆலயங்களுக்குத் தொண்டு செய்தவர் என்பதை நம் இளைய தலைமுறையினர் பலர் அறியார். 2024ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாளோடு அவர் பிறந்து நூறாண்டுகள் நிறைந்தன. அரண்மனைக்கு ஒப்பான இஸ்தானாவுக்குச் செல்லுமுன் அவர் நடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய தொண்டின் வேர் எங்கே இருந்தது என்பது புலப்படும்.

மூவாரில் தொடங்கிய இடர்

செல்லப்பன் ராமநாதன் என்னும் இயற்பெயர் கொண்ட நாதன் 1924ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். அவருடைய இளமைப் பருவம் ஜொகூரில் உள்ள மூவார் நகரில் கழிந்தது. அவர் தந்தையார் அங்கு வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். தோட்டங்களை நம்பி நகரங்கள் வாழ்ந்த காலம் அது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர், தோட்டங்களைச் சார்ந்து பிழைத்த எழுத்தர்களும் கடைக்காரர்களும் நிலைகுலைந்தனர். நாதனின் தந்தையாரும் கடன் சுமையில் சிக்கி, மனமுடைந்து மறைந்தார். அப்பொழுது நாதனுக்கு வயது எட்டு.

தந்தையை இழந்த சிறுவன் தாயாரோடு சிங்கப்பூருக்கு வந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தான். ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்துவிட்டுப் பிறகு பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்வது எத்தகைய துன்பம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். பள்ளியிலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பதினாறாம் வயதில் வீட்டைவிட்டே வெளியேறினார். கிடைத்த சிறு வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவினார். இவற்றையெல்லாம் அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மூவாரில் இருந்த அவர், ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். போர் முடிந்த பிறகு எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே, விட்டுப்போன படிப்பை அஞ்சல்வழிக் கல்வி மூலம் தொடர்ந்தார். பகலெல்லாம் அலுவலகம், இரவில் பாடப்புத்தகம் என்று ஆண்டுகள் உருண்டன. அப்பொழுது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954ஆம் ஆண்டு சமூகவியல் பட்டயப் படிப்பில் சிறப்புத் தேர்ச்சி பெற்றபோது அவருக்கு முப்பது வயது. உடன் படித்த பலர் அவரைவிட இளையவர்கள். பள்ளி கைவிட்ட ஒருவர் பல்கலைக்கழகத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார் என்பது, இன்று பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கண்டு கலங்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தியாகும்.

மருத்துவமனையும் துறைமுகமும்

பட்டம் பெற்றவர் எத்தனையோ வேலைகளை நாடியிருக்கலாம். நாதன் 1955ஆம் ஆண்டு மருத்துவச் சமூகப் பணியாளராகப் பொது மருத்துவமனையில் தம் அரசுப் பணியைத் தொடங்கினார். நோய்க்கு மருந்து கொடுப்பவர் மருத்துவர். நோயாளி படுத்துவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியுமா, பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களா, குணமாகிச் செல்பவருக்குப் போக்கிடம் உண்டா என்று விசாரிப்பவர் சமூகப் பணியாளர். வறுமையின் முகத்தைச் சிறுவயதிலேயே கண்டவருக்கு அந்த விசாரணை வெறும் படிவம் நிரப்பும் வேலையாக இருந்திருக்க முடியாது.

மறு ஆண்டு, 1956இல், கடலோடிகள் நல அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார். இன்றைய சிங்கப்பூர்த் துறைமுகத்தைப் பார்ப்பவர்களுக்கு அக்காலக் கப்பல் தொழிலாளர்களின் நிலை கதைபோலத் தோன்றும். கப்பலில் வேலை கிடைக்க வேண்டுமாயின் இடைத்தரகர்களான செராங்குகளின் தயவு தேவைப்பட்டது. வேலை வாங்கிக் கொடுத்ததற்குத் தரகு, தங்கும் விடுதிக்கு வாடகை, வேலையில்லாத நாள்களில் வாங்கிய கடனுக்கு வட்டி என்று, ஒரு பயணத்தில் ஈட்டிய சம்பளத்தின் பெரும்பங்கு கைக்கு வருமுன்பே கரைந்துவிடும். மாதக் கணக்கில் கடலில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு கரையேறியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊரும் இல்லை, உறவும் அருகில் இல்லை.

அந்த மனிதர்களிடையே நாதன் ஆறாண்டுகள் பணியாற்றினார். அவர்களைத் தேடிச் சென்று குறை கேட்டார். அவர்களுக்குச் சேரவேண்டிய கூலியும் உரிமையும் கிடைக்கத் துணைநின்றார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதிபர் பதவியில் இருந்தபோது, 2010ஆம் ஆண்டில் அந்த அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். நாட்டின் தலைமைப் பதவியில் அமர்ந்திருந்தவர் தம் வாழ்நாள் சாதனைகளுள் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மறக்கப்பட்ட கப்பல் தொழிலாளர்களைப் பற்றி எழுத அவர் மனம் விரும்பியது. அந்த ஆங்கில நூலின் தலைப்பு ஒரு கேள்வியாக அமைந்துள்ளது. தமிழில் சொன்னால், ‘நான் ஏன் இங்கு இருக்கிறேன்?’ என்பது அதன் பொருள்.

அந்தக் கேள்வியை இங்கே சற்று நிறுத்தி வைப்போம். இக்கட்டுரையின் இறுதிவரை அது நமக்குத் துணையாக வரும்.

உயிரைப் பணயம் வைத்த நாள்

1962ஆம் ஆண்டு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்ட நாதன், தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளைக் கணக்கோடும் ஆதாரத்தோடும் முன்வைக்க உதவினார். 1964ஆம் ஆண்டில் அவருக்குப் பொதுச்சேவை நட்சத்திர விருது வழங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1966இல் வெளியுறவு அமைச்சில் சேர்ந்தார். பின்னர்த் தற்காப்பு அமைச்சில் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநரானார்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், புலாவ் புக்கோம் தீவிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய நான்கு ஆயுததாரிகள் ‘லாஜு’ என்னும் படகைக் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைப் பிணை பிடித்தனர். பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பிணையாளிகளை விடுவிக்க வேண்டுமாயின் தாங்கள் பாதுகாப்பாக வெளிநாடு செல்வதற்கு உத்தரவாதம் வேண்டும் என்றனர். அந்த உத்தரவாதமாகச் சிங்கப்பூர் அதிகாரிகளே அவர்களோடு விமானத்தில் செல்ல நேர்ந்தது. பதின்மூவர் கொண்ட அக்குழுவுக்குத் தலைமை தாங்கிக் குவைத் சென்றவர் நாதன். வீட்டில் மனைவியும் இரு பிள்ளைகளும் காத்திருக்க, திரும்புவோமா என்று தெரியாத பயணத்தை அவர் மேற்கொண்டார். இறையருளால் அனைவரும் நலமாகத் திரும்பினர். படகில் இருந்த எளிய தொழிலாளர்களின் உயிருக்கு ஈடாகத் தம் உயிரை வைத்த செயல் அது. தீக்குழியில் இறங்குவதற்கு எத்தகைய மனவுறுதி வேண்டுமோ, அத்தகைய மனவுறுதி அதற்கும் வேண்டும் அன்றோ!

ஆலயங்களின் வாயிலில்

இனி நம் ஆலயங்களோடு அவர் கொண்ட தொடர்பைக் காண்போம். சிங்கப்பூரில் இந்து ஆலய நிர்வாகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1905ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தை ஒட்டி முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் பொதுவாக ஓர் அறக்கட்டளை வாரியம் அமைந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்து அறக்கட்டளை வாரியம் தனியாக உருப்பெற்றது. ஸ்ரீ மாரியம்மன் ஆலயம், ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயம், ஸ்ரீ சிவன் ஆலயம், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயம் ஆகிய நான்கும் அதன் நிர்வாகத்தில் உள்ளன. தீமிதித் திருவிழாவையும், பெருமாள் ஆலயத்திலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்துக்குச் செல்லும் தைப்பூசக் காவடி ஊர்வலத்தின் ஏற்பாடுகளையும் வாரியமே கவனித்து வருகிறது.

1983ஆம் ஆண்டு முதல் 1988ஆம் ஆண்டு வரை நாதன் இவ்வாரியத்தின் தலைவராக விளங்கினார். அதே காலத்தில் அவர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்தின் நிர்வாகத் தலைவராகவும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பகல் முழுவதும் நாட்டின் பெரிய பத்திரிகை நிறுவனத்தை நடத்திவிட்டு, எஞ்சிய நேரத்தைக் கோயில் காரியத்துக்கு அளிப்பது எளிதன்று. ஊதியம் தராத பொறுப்பு அது. பாராட்டைவிட முறையீடே அதிகம் வந்து சேரும் பொறுப்பும் அதுதான் என்பதைக் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்கள் நன்கு உணர்வர்.

அவர் பொறுப்பேற்ற 1983ஆம் ஆண்டு, சிங்கப்பூர்ச் சிவனடியார்களுக்கு மனம் கனத்த ஆண்டாகும். ஆர்ச்சர்ட் சாலையில் நூற்றாண்டுக்கு மேலாக வீற்றிருந்த சிவபெருமான், டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையக் கட்டுமானத்துக்காக இடம் விட்டுச் சிராங்கூன் சாலையில் தற்காலிக ஆலயத்தில் எழுந்தருள நேர்ந்தது. நகரம் வளர வளர ஆலயங்கள் இடம்பெயர்வது சிங்கப்பூரில் புதிதன்று. ஆயினும் ஒரு கோயில் நகரும்போது கல்லும் மரமும் மட்டும் நகர்வதில்லை. தாத்தா காலத்திலிருந்து வந்து தொழுத நினைவுகளும் சேர்ந்தே நகர்கின்றன. ‘எங்கள் சாமி எங்கே போகும்?’ என்று கேட்கும் பாட்டிக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘இந்த நிலம் நாட்டுக்குத் தேவை’ என்று கூறும் அரசாங்கத்துக்கும் ஒத்துழைக்க வேண்டும். இரு பக்கமும் நியாயம் இருக்கும் இடத்தில் பொறுமையோடு நிற்பதே அறங்காவலர் கடமை. அத்தகைய காலத்தில் வாரியத்தின் தலைமையில் நாதன் இருந்தார். 1988இல் மலேசியாவுக்கான தூதராகக் கோலாலம்பூர் சென்றபோது அவர் தலைமைப் பொறுப்பு நிறைவெய்தியது. புதிய சிவன் ஆலயம் கேலாங் ஈஸ்ட் பகுதியில் எழுந்து, 1993ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. தொடங்கிய பணி தம் காலத்திலேயே முடிந்து, தம் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்பட வேண்டும் என்று எல்லாத் தலைவருக்கும் வாய்ப்பதில்லை. ஒருவர் விதைக்க, மற்றொருவர் நீர் வார்க்க, வேறொருவர் அறுவடை செய்வதுதான் ஆலயத் திருப்பணி.

ஆலயம் தொழுவது சாலவும் நன்று. அதனோடு நம் பிள்ளைகள் கல்வியில் பின்தங்காமல் காப்பதும் இறைபணியே. 1991ஆம் ஆண்டு சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் நாதனும் ஒருவராக இருந்தார். பள்ளியிலிருந்து இருமுறை நீக்கப்பட்டவர், பள்ளியில் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் சங்கத்தின் தொடக்கத்தில் நின்றது எவ்வளவு பொருத்தம்!

அதிபர் மாளிகையில்

1999ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நாதன் சிங்கப்பூரின் அதிபராகப் பதவியேற்றார். 2005ஆம் ஆண்டு மீண்டும் தேர்வு பெற்று, 2011ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியை அணிசெய்தார். சிங்கப்பூர் வரலாற்றில் அத்தனை காலம் அதிபராக இருந்தவர் வேறு எவரும் இலர்.

அப்பதவியில் அவர் விட்டுச் சென்ற அடையாளம் எது என்று கேட்டால், பலரும் ‘அதிபர் சவால்’ என்றே விடை கூறுவர். 2000ஆம் ஆண்டில் அவர் தொடங்கி வைத்த இந்த நிதிதிரட்டு இயக்கம், முதியோர், உடற்குறையுடையோர், ஆதரவற்ற சிறார் போன்றோருக்குச் சேவையாற்றும் அமைப்புகளுக்கு உதவுகிறது. அவருக்குப் பின் வந்த அதிபர்களும் அதனைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர். பணம் உள்ளவர் பணம் தரலாம், நேரம் உள்ளவர் நேரம் தரலாம், திறமை உள்ளவர் திறமை தரலாம் என்பதே அவ்வியக்கத்தின் உட்கருத்து. நம் கோயில்களில் பொன் கொடுப்பவரும் உண்டு, பூத் தொடுப்பவரும் உண்டு, பாத்திரம் கழுவுபவரும் உண்டு. மூவரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் அருள்நெறியை நாட்டளவில் செயல்படுத்தியது போன்றது அது.

1950களில் மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து விசாரித்த இளைஞரும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நாட்டு மக்களை உதவிக்கு அழைத்த அதிபரும் ஒருவரே. இடையில் எத்தனையோ பதவிகள் வந்தன, போயின. தொண்டு மட்டும் மாறவில்லை.

கதை சொன்ன தாத்தா

நாதன் 1958ஆம் ஆண்டு, வங்காளக் குடும்பத்தில் பிறந்த ஊர்மிளா அம்மையாரை மணந்தார். மூவாரில் மலர்ந்த அன்பு திருமணமாகக் கனிவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. தமிழ்க் குடும்பமும் வங்காளக் குடும்பமும் சம்பந்தம் செய்வது அக்காலத்தில் எளிதன்று. இருவரும் பெரியோரைப் பகைக்காமல், மனம் மாறாமல் காத்திருந்தனர். ஒரு மகள், ஒரு மகன் என இரு செல்வங்களும், பின்னர் மூன்று பேரப்பிள்ளைகளும் அவ்வில்லறத்தை நிறைவு செய்தனர்.

அதிபரான பிறகும் அவர் இஸ்தானாவில் குடியேறாமல் சிலோன் சாலையிலிருந்த தம் சொந்த இல்லத்திலேயே வாழ்ந்தார். ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் அமைந்துள்ள அதே சாலைதான் அது. பகலில் நாட்டின் அதிபர், மாலையில் தெருவில் ஒரு தாத்தா என்று வாழ்வது எல்லாருக்கும் இயலக்கூடியதன்று.

எண்பது வயதைத் தாண்டிய பின் அவர் எழுத்தில் முனைந்தார். 2011ஆம் ஆண்டு அவருடைய முழு வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்தது. எதிர்பாராத பயணம் என்னும் பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். 2013ஆம் ஆண்டு, தம் வாழ்வின் ஐம்பது நிகழ்ச்சிகளைச் சிறு சிறு கதைகளாக எழுதி மற்றொரு நூலை வெளியிட்டார். பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துத் தாத்தா கதை சொல்வது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். நாதன் நாட்டுப் பிள்ளைகள் அனைவரையும் பேரப்பிள்ளைகளாகக் கருதி அக்கதைகளைச் சொன்னார் எனலாம்.

அவர் சொன்ன கதைகளில் ஒரு சிறப்பு உண்டு. தம் குடும்பத்தின் வறுமையை அவர் மறைக்கவில்லை. தந்தையின் துயர முடிவை மறைக்கவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதை மறைக்கவில்லை. உயர்ந்த நிலைக்கு வந்தபின் பழைய நாள்களைப் பூசி மெழுகும் மனிதர்களே உலகில் மிகுதி. தாத்தா ஒருவர் தம் தோல்விகளையும் சேர்த்துச் சொல்லும்போதுதான், தோற்று நிற்கும் பேரனுக்கு எழுந்து நடக்கத் துணிவு பிறக்கிறது. தேவையுள்ள மாணவர்களுக்கு உதவ அவர் பெயரில் கல்வி நிதியும் அமைந்தது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் மனித மேம்பாட்டுப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பல ஊர் மண்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், தம் 92ஆம் வயதில் நாதன் இறையடி சேர்ந்தார். அவர் நல்லுடல் நாடாளுமன்றக் கட்டடத்தில் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டபோது, எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று கும்பிட்டும் தலைதாழ்த்தியும் விடைகொடுத்தனர். ஆகஸ்ட் 26ஆம் நாள் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்று, மண்டாயில் தகனம் நிகழ்ந்தது.

அன்றைய அஞ்சலிக் கூட்டத்தில் ‘பொற்காலம்’ திரைப்படத்தின் ‘தஞ்சாவூரு மண்ணு எடுத்து’ என்னும் பாடல் ஒலித்தது. அவர் விரும்பிக் கேட்ட பாடல் அது. பல ஊர்களின் மண்ணைக் குழைத்துப் பொம்மை ஒன்றைச் செய்யும் குயவனின் பாட்டு. அரசு மரியாதையோடு நடந்த அச்சடங்கில், நாட்டின் தலைவர்களும் வெளிநாட்டுப் பிரமுகர்களும் அமர்ந்திருந்த அவையில், எளிய தமிழ் நாட்டுப்புற மெட்டு ஒன்று எழுந்தபோது தமிழர் பலர் கண்கலங்கினர். சிங்கப்பூரும் பல ஊர் மண்ணால் ஆனதுதானே! தமிழர், சீனர், மலாய்க்காரர், வங்காளி என்று பல மண்ணும் கலந்த இத்தீவில், கப்பல் தொழிலாளிக்கும் கோயில் அடியாருக்கும் ஒரே மனத்தோடு தொண்டு செய்தவருக்கு அதனினும் பொருத்தமான பாட்டு எது?

நமக்கு விட்டுச் சென்ற கேள்வி

பெரியோரை நினைவுகூர்வது அவர்தம் படத்துக்கு மாலை சூட்டுவதோடு முடிந்துவிடலாகாது. முன்பு நிறுத்தி வைத்த கேள்வியை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். ‘நான் ஏன் இங்கு இருக்கிறேன்?’ கப்பல் தொழிலாளர்களைப் பற்றிய நூலுக்கு இட்ட தலைப்பு, கோயில் வாயிலில் நிற்கும் நம் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது.

ஆலய நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர் தம்மையே இக்கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பரிவட்டத்துக்கும் முதல் மரியாதைக்குமாக இருக்கிறோமா, மூலையில் தயங்கி நிற்கும் ஏழை அடியாருக்கும் அர்ச்சனைத் தட்டு கிடைக்கச் செய்ய இருக்கிறோமா? வெளியூரிலிருந்து வந்து நம்மிடையே உழைக்கும் தொழிலாளர் பலர் விடுமுறை நாளில் கோயிலுக்கு வருகின்றனர். அக்காலக் கப்பல் தொழிலாளர்களைப் போலவே அவர்களுக்கும் குடும்பம் தொலைவில் இருக்கிறது. அன்னதான வரிசையில் அவர்களிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேச நமக்கு நேரம் உண்டா? திருவிழாத் தொண்டுக்கு வரும் இளைஞன் படிப்பில் பின்தங்கியவன் என்று அறிந்தால், அவனை ஏளனமாகப் பார்க்கிறோமா, நாளைய நாதனாகப் பார்க்கிறோமா?

வீட்டில் இருக்கும் தாத்தாமார்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் தேர் இழுத்த கதையை, காவடி கட்டிய கதையை, பழைய கோயில் இடம்பெயர்ந்தபோது அழுத கதையை, வறுமையில் வாடிய நாளையும் விழுந்து எழுந்த நாளையும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எழுத இயன்றவர் எழுதுங்கள். எழுத இயலாதவர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். நாதன் எழுதியிராவிடில், துறைமுகத்துக் கடலோடிகளின் கண்ணீரை இன்று யார் அறிவார்? உங்கள் நெஞ்சோடு மறைந்துபோகும் செய்தி ஒவ்வொன்றும் நம் சமூக வரலாற்றிலிருந்து கிழிந்துபோகும் ஒரு பக்கமாகும்.

இளையோரே! தொண்டுக்குப் பதவி தேவையில்லை என்பதை நாதனின் முதல் முப்பது ஆண்டுகள் காட்டுகின்றன. பதவி வந்தபின் தொண்டை மறக்கலாகாது என்பதை அவருடைய பிற்கால வாழ்வு காட்டுகிறது. இத்திருவிழாவில் நீர் மோர்ப் பந்தலோ, செருப்புக் காவலோ, குப்பை அகற்றுதலோ எது உங்கள் கைக்கு வந்தாலும் அதை அம்மனே தந்த பணியாக ஏற்றுச் செய்யுங்கள். பூக்குழியில் இறங்கும் அடியாருக்குக் கிட்டும் அருள், அவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும் தொண்டருக்கும் குறைவின்றிக் கிட்டும். அனைவருக்கும் அன்னை மாரியம்மன் நல்லருள் புரிவாளாக!